அட்ரினல் பற்றாக்குறையா? ஆப்பிரிக்க மாவட்ட மருத்துவமனையில் எந்தப் பரிசோதனையைத் தேர்வது

ஜாம்பியா, மலாவி, தான்சானியா போன்ற நாடுகளின் மாவட்ட மருத்துவமனைகளில் வேலைக்குச் சேரும் நம் ஊர் இளம் மருத்துவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. நோயாளிக்கு எச்ஐவி. காசநோய் மருந்து தொடங்கி இரண்டு வாரம் ஆகிறது. வாந்தி, எழுந்து நின்றால் தலைசுற்றல். ரத்த அழுத்தம் 80-ஐத் தாண்டவில்லை, சோடியம் 121. சிறுநீரகங்களுக்கு மேலே உட்கார்ந்து, உடலின் ஸ்டீராய்டு ஹார்மோனான கார்டிசாலைச் சுரக்கும் அட்ரினல் சுரப்பி வேலை செய்யவில்லையோ என்று சந்தேகம். காலையில் ஒரே ஒரு கார்டிசால் எடுத்தால் போதுமா, ஊசி போட்டுச் சுரப்பியைத் தூண்டிப் பார்க்கும் சினாக்தென் பரிசோதனைக்குத் தலைநகருக்கு அனுப்ப வேண்டுமா, இல்லை ஸ்டீராய்டைப் போட்டுவிட்டுப் பரிசோதனையை அப்புறம் பார்த்துக்கொள்வதா?

பாடப்புத்தகத்தைத் திறந்தால் விடை ஒன்றுதான்: சினாக்தென். தவறான விடை இல்லை. ஆனால் அதை எழுதியவர்களின் ஊரில் மருந்து குளிர்ப்பெட்டியில் தயாராக இருக்கிறது, லேப் அடுத்த மாடியில் இருக்கிறது, நோய்க்குக் காரணம் பெரும்பாலும் உடலின் எதிர்ப்பு சக்தியே சுரப்பியைத் தாக்கும் ஆட்டோஇம்யூன் கோளாறு. சஹாராவுக்குத் தெற்கே இந்த மூன்றுமே மாறிவிடுகின்றன. என்னைக் கேட்டால், முதல் ஸ்டீராய்டு ஊசிக்கு முன்னால் எடுத்து வைக்கும் ஒரு குழாய் ரத்தம்தான் அங்கே அதிகம் பயன்படும் பரிசோதனை. சினாக்தெனை, நடுவில் தொங்கும் எண்களுக்கு மட்டும் ஒதுக்கலாம். எந்தப் பரிசோதனை என்பதை முடிவு செய்வதற்கு முன், எந்தக் காரணம் என்ற சந்தேகம் மனதில் இருக்க வேண்டும்.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல், நோயாளி எவ்வளவு நேரம் தாங்குவார் என்பது. அதிர்ச்சி நிலையில் இருப்பவரும், மாதக்கணக்கில் இளைத்துக்கொண்டே வந்து நடந்து ஓபிக்கு வருபவரும் ஒரே தேர்வுக்கு உரியவர்கள் இல்லை.

இரண்டாவது, அவர் உடலில் ஏற்கெனவே என்ன மருந்து இருக்கிறது. இதுதான் அதிகம் கவனிக்கப்படாமல் போவது. பிரெட்னிசலோன் பல கார்டிசால் பரிசோதனைக் கருவிகளில் கார்டிசாலைப் போலவே கணக்காகிவிடும். ஹைட்ரோகார்டிசோன் என்பது கார்டிசாலேதான். டெக்சாமெத்தசோன் எண்ணைக் கெடுக்காது, ஆனால் சுரப்பியைத் தூங்கவைக்கும்.

மூன்றாவது, ரத்த மாதிரி லேபுக்குப் போய்ச் சேரும் வரை கெடாமல் இருக்குமா. நான்காவது, விடை வந்தால் சிகிச்சை மாறுமா. மாறாது என்றால் அந்தப் பரிசோதனைக்கு நோயாளியின் குடும்பம் காசு கொடுக்க வேண்டியதில்லை. கடைசியாகச் செலவு. பில்லில் வரும் தொகையை மட்டும் நான் சொல்லவில்லை. ஜாம்பியாவின் மொங்குவிலிருந்து லுசாகாவுக்குச் சுமார் 600 கிலோமீட்டர். நோயாளியும் துணைக்கு ஒருவரும் பஸ்ஸில் போய்த் தங்கித் திரும்பும் செலவு பல நேரம் பரிசோதனையின் விலையைத் தாண்டிவிடும்.

## காரணங்கள்: ஐரோப்பியப் பட்டியலைத் தலைகீழாகப் படிக்கலாம்

லண்டன் கைஸ் மருத்துவமனையின் தாமஸ் அடிசன் 1855-இல் இந்த நோயை 11 நோயாளிகளைக் கொண்டு விவரித்தபோது, அவர்களில் பலரின் சுரப்பியை அழித்திருந்தது காசநோய்தான். அதன்பின் ஐரோப்பாவில் காசநோய் குறைந்தது, ஆட்டோஇம்யூன் காரணம் முதலிடத்துக்கு வந்தது. காசநோய் குறையாத இடங்களில் அடிசனின் பழைய பட்டியல் இன்றும் செல்லுபடியாகிறது. கேப்டவுனின் க்ரூட் ஸ்கூர் மருத்துவமனை அனுபவத்திலும் காசநோய் பெரிய பங்கு வகித்தது. தென்னாப்பிரிக்காவில் ஆட்டோஇம்யூன் வகையும் உண்டு, ஆனால் அது பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினரிடம். அதற்கான எதிர்ப்புரதம் கறுப்பின நோயாளிகளிடம் மிகக் குறைவாகவே கிடைக்கிறது.

இன்னொரு வேறுபாடும் சொல்ல வேண்டும். ஐரோப்பாவில் பத்து லட்சம் பேருக்கு 100 முதல் 140 பேர் வரை அடிசன் நோயோடு, அதாவது அட்ரினல் சுரப்பியே பழுதான நிலையோடு, வாழ்கிறார்கள். ஆப்பிரிக்க நாடுகளில் பதிவாகும் எண்ணிக்கை இதைவிட மிகவும் குறைவு. நோய் அங்கே குறைவு என்பதைவிட, கண்டுபிடிக்கப்படும் முன்பே பலர் இறந்துவிடுகிறார்கள் என்ற விளக்கத்தைத்தான் நான் நம்புகிறேன். வாந்தி, மயக்கம், சர்க்கரை இறங்குதல், காய்ச்சல் எல்லாம் சேர்ந்து வந்தால் மலேரியா என்றோ, தொற்று உடல் முழுக்கப் பாதிக்கும் செப்சிஸ் என்றோ எழுதிவிடுவது எளிது.

காசநோய். சுரப்பியின் 90 சதவீதம் அழியும் வரை அறிகுறி வெளியே தெரியாமல் இருக்கலாம். அப்புறம் காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின் வருகிறது. அது கல்லீரலில் கார்டிசாலைச் சிதைக்கும் வேகத்தைக் கூட்டுகிறது. நல்ல சுரப்பி அதற்கேற்ப உற்பத்தியைக் கூட்டிக்கொள்ளும். அரைகுறையாக மிஞ்சியிருக்கும் சுரப்பியால் முடியாது. அதனால்தான் டிபி மருந்து தொடங்கிய முதல் சில வாரங்களில் நோயாளி தேறாமல் சரிந்தால், மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று மட்டும் முடிவு கட்டிவிடக் கூடாது.

எச்ஐவி. முற்றிய நிலையில் சைட்டோமெகலோ வைரஸ், கிரிப்டோகாக்கஸ், ஹிஸ்டோபிளாஸ்மா, கபோசி சார்கோமா, லிம்போமா எல்லாமே அட்ரினலுக்குள் போகக்கூடும். பிரேதப் பரிசோதனைகளில் சுரப்பியில் வைரஸ் பாதிப்பு நிறையவே தென்பட்டிருக்கிறது, ஆனால் சுரப்பி முழுதாகச் செயலிழந்தவர்கள் அந்த அளவுக்கு இல்லை. மருந்துகளும் இங்கே கணக்கில் வருகின்றன. கிரிப்டோகாக்கஸ் மூளையுறைக் காய்ச்சலுக்கு உலக சுகாதார அமைப்பு 2022-இல் பரிந்துரைத்த முறையில் ஃப்ளூகோனசோல் ஒரு நாளைக்கு 1200 மில்லிகிராம். இவ்வளவு உயர்ந்த அளவில் அது ஸ்டீராய்டு உற்பத்தியையே தடுக்கக்கூடும்.

வெளியிலிருந்து வரும் ஸ்டீராய்டு. எண்ணிக்கையில் இதுதான் பெரியது என்பது என் ஊகம், ஆனால் எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. மூன்று வழிகளில் வருகிறது. ஒன்று, சீட்டில்லாமல் மருந்துக்கடையில் வாங்கும் பிரெட்னிசலோன், டெக்சாமெத்தசோன், மூட்டுவலிக்கு என்று விற்கப்படும் கலப்பட மூலிகை மருந்து. இரண்டு, நிறத்தை வெளுக்கவைக்கும் கிரீம்கள். மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவில் க்ளோபெட்டசால் கலந்த கிரீமை உடம்பு முழுக்க, வருடக்கணக்கில் பூசுகிறார்கள். செனகலின் தலைநகர் டக்காரின் தோல் மருத்துவர்கள் இதன் விளைவுகளை வெகுகாலமாகப் பதிவு செய்துவருகிறார்கள். க்ளோபெட்டசால் ஒரு நாளைக்கு 2 கிராம் பூசினாலே சுரப்பியை அடக்கிவிட முடியும் என்று அதன் மருந்துக் குறிப்பே சொல்கிறது. உடம்பு முழுக்கப் பூசுபவருக்கு 2 கிராம் எந்த மூலைக்கு? திருமணம், பிரசவம், காசில்லாமை என்று ஏதோ ஒரு காரணத்தால் திடீரென நிறுத்தும்போது சிக்கல் தொடங்குகிறது. மூன்று, ரிட்டோனவிர். எச்ஐவிக்கான இரண்டாம் கட்ட மருந்துகளில் இருக்கும் இது ஸ்டீராய்டு சிதைவதைத் தடுக்கிறது. ஆஸ்துமாவுக்கு ஃப்ளூட்டிகசோன் இன்ஹேலர் எடுப்பவருக்கோ, முழங்காலில் ஒரே ஒரு ட்ரையம்சினலோன் ஊசி போட்டவருக்கோ முகம் வீங்கி, ஸ்டீராய்டு மிகுவதால் வரும் குஷிங் நோய் போலத் தெரியும். ரத்தத்தில் கார்டிசால் பார்த்தால் அதலபாதாளத்தில் இருக்கும். இன்னொரு எச்ஐவி மருந்தான டோலுடெக்ராவிருக்கு இந்தக் குணம் கிடையாது.

பிட்யூட்டரி. அட்ரினலுக்குக் கட்டளையிடும், மூளைக்கு அடியில் இருக்கும் சுரப்பி. அதைப் பாதிப்பது, பிரசவத்தில் அதிக ரத்தப்போக்குக்குப் பிறகு வரும் ஷீஹான் நோய். பால் சுரக்கவில்லை, மாதவிலக்கு திரும்பவில்லை என்ற இரண்டு பதில்கள் எந்த லேப் தாளைவிடவும் முந்தி வந்துவிடும்.

மற்றவை அரிது. அல்ஜீரியா, துனிசியா பக்கம் கண்ணீர் வராமல் அழும் குழந்தைக்கு, அட்ரினலையும் பாதிக்கும் பரம்பரை நோயான ஆல்குரோவ் நோய்க்குறியை நினைக்க வேண்டும். பெரும்பாலான நாடுகளில் பிறந்த குழந்தைகளுக்கான ஹார்மோன் திரையிடல் கிடையாது என்பதால், இரண்டாம் வாரத்தில் உப்பு இழந்து வாடிவரும் ஆண் குழந்தைக்குப் பிறவி அட்ரினல் மிகைவளர்ச்சியையும் யோசிக்க வேண்டும்.

## கறுத்துப்போகும் தோல்: எவ்வளவு நம்பலாம்?

தோல் கறுப்பதுதான் அடிசன் நோயின் பிரபலமான அடையாளம். கருமையான தோலில் அது கண்ணில் படாது என்பது பாதி உண்மைதான். உள்ளங்கை ரேகை, ஈறு, நாக்கின் ஓரம், சமீபத்தில் ஆறிய தழும்பு ஆகிய இடங்களைப் பார்க்கலாம். ஆனால் ஈறு கறுப்பாக இருப்பது பலருக்கு இயல்பே. எச்ஐவி மருந்தான ஜிடோவுடின் எடுத்தால் நகத்திலும் வாயிலும் கருங்கோடுகள் வரும். மருந்துக்கு அடங்காத காசநோய்க்குத் தரும் க்ளோஃபசிமின் முழுத் தோலையும் கறுக்கவைக்கும். ஆக, “கறுப்பாக இருக்கிறதா” என்று பார்ப்பதைவிட “முன்பைவிடக் கறுத்திருக்கிறாரா” என்று கூட வந்தவரிடம் கேட்பது மேல். அடையாள அட்டைப் புகைப்படமும் உதவும்.

பொட்டாசியத்துக்கும் இதே சங்கடம். அது உயர்ந்திருந்தால் அட்ரினலைச் சந்தேகிக்கலாம், சரி. ஆனால் எச்ஐவி நோயாளிகள் தினமும் எடுக்கும் கோட்ரைமாக்சசோலும் பொட்டாசியத்தை உயர்த்தும். வாந்தியும் பேதியும், பூஞ்சைக்குத் தரும் ஆம்ஃபோடெரிசினும் அதை இறக்கி, உண்மையை மறைத்துவிடும்.

## வழி 1: காலை கார்டிசால்

எட்டு, ஒன்பது மணிக்குள் எடுக்கும் ஒரு குழாய் ரத்தம். தனி ஊசி மருந்து எதுவும் வேண்டாம். பிரித்தெடுத்த சீரம் குளிர்ப்பெட்டியில் சில நாட்கள் தாங்கும் என்பதால் வாரம் ஒருமுறை லேபுக்குப் போகும் வண்டியிலும் அனுப்பலாம். மாவட்ட மருத்துவமனைக்கு இதைவிடப் பொருத்தமான குணம் வேறில்லை.

எண்ணைப் படிப்பதில் நம் ஊரில் படித்தவர்களுக்கு ஒரு வழுக்கல் காத்திருக்கிறது. இங்கே டெசிலிட்டருக்கு இத்தனை மைக்ரோகிராம் என்று பழகியிருப்போம். தென்னாப்பிரிக்கா உட்படப் பல ஆப்பிரிக்க லேப்கள் லிட்டருக்கு இத்தனை நானோமோல் என்று தருகின்றன. 27.6-ஆல் வகுத்துக்கொள்ள வேண்டும். 100 என்ற எண்ணைப் பார்த்து நிம்மதி அடைந்துவிடாதீர்கள், அது 4 மைக்ரோகிராம்கூட இல்லை.

காலை அளவு 3 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் (சுமார் 83 நானோமோல்) பற்றாக்குறை ஏறக்குறைய உறுதி. 5-க்குக் கீழே (140) இருந்து நோயாளியும் அதற்கேற்றவாறு இருந்தால் சிகிச்சையைத் தொடங்கப் போதுமானது. 15 முதல் 18-க்கு மேல் (400 முதல் 500) இருந்தால் பெரும்பாலும் கவலை இல்லை. நடுவே இருக்கும் எண்கள்தான் தலைவலி. உடல்நிலை மிக மோசமாக இருப்பவருக்கு நேரம் பார்க்கத் தேவையில்லை. அதிர்ச்சி நிலையில் ஆரோக்கியமான சுரப்பி கார்டிசாலை அள்ளிக் கொட்டியிருக்க வேண்டும், அப்போது 10-க்குக் கீழே இருந்தாலே சந்தேகப்பட வேண்டும்.

ஏமாற்றும் இடங்கள்: சத்துக்குறைவும் ஆல்புமின் வீழ்ச்சியும் இருந்தால் கார்டிசாலைச் சுமக்கும் புரதமும் குறைந்திருக்கும், எண் பொய்யாகக் குறையும். ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரையிலும் கர்ப்பத்திலும் எண் பொய்யாக உயரும். பிரெட்னிசலோன் பற்றி மேலே சொன்னேன். இரவு முழுக்க விழித்திருந்த நோயாளியிடம் பகல் 11 மணிக்கு எடுத்துவிட்டு “காலை கார்டிசால்” என்று எழுதி அனுப்பும் பழக்கமும் உண்டு. குழாயில் நேரத்தை எழுதச் சொல்லி நர்ஸிடம் தனியாகச் சொல்லிவிடுங்கள்.

எப்போது இதுவே மேல்: ஓபிக்கு நடந்து வருபவர், ஸ்டீராய்டு நிறுத்தியபின் சுரப்பி மீண்டதா என்று பார்க்கப்படுபவர், தலைநகர் தூரமாக இருப்பவர். ஸ்டீராய்டு நிறுத்திய பின் மீட்சியைப் பார்க்க 2024-இல் வந்த ஐரோப்பிய, அமெரிக்கக் கூட்டு வழிகாட்டுதல் இதையே முதலில் வைக்கிறது: 10 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தால் நிறுத்தலாம், 5-க்குக் கீழே இருந்தால் தொடரலாம், இடையில் இருந்தால் தொடர்ந்துவிட்டுச் சில வாரங்களோ மாதங்களோ கழித்துத் திரும்பப் பார்க்கலாம்.

## வழி 2: சினாக்தென் பரிசோதனை

சினாக்தெனில் இருக்கும் மருந்தான டெட்ராகொசாக்டைடை 250 மைக்ரோகிராம் நரம்பிலோ தசையிலோ போட்டு, 0, 30, 60 நிமிடங்களில் கார்டிசால் எடுப்பது. 30-ஆம் அல்லது 60-ஆம் நிமிட அளவு 18 மைக்ரோகிராமைத் (500 நானோமோல்) தொடவில்லை என்றால் பற்றாக்குறை. புதிய தலைமுறைக் கருவிகளில் இந்த எல்லை 15 அளவுக்கு இறங்கியிருக்கிறது, ஆகவே எந்தக் கருவி என்று லேபிடம் கேட்காமல் பழைய எல்லையை வைத்தால் நல்ல சுரப்பிக்கும் நோய்ப்பட்டம் கட்டிவிடுவோம்.

பகலில் எந்த நேரத்திலும் செய்யலாம், வெறும் வயிறு வேண்டாம், பக்கவிளைவு மிக அரிது. காசநோய், எச்ஐவி போன்று சுரப்பியையே அழிக்கும் காரணங்களுக்கு இதைவிடத் தெளிவான விடை தரும் பரிசோதனை கிடையாது. நடு எண்களுக்கு இது தேவை, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

சிக்கல் மருந்து கிடைப்பதில். இறக்குமதி செய்ய வேண்டும், 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்க வேண்டும், மின்சாரம் போய்ப்போய் வரும் இடத்தில் வீரியம் இழந்த மருந்தைப் போட்டால் ஆரோக்கியமான சுரப்பியும் எழும்பாததுபோலத் தெரியும். கார்டிசாலுக்கு மூன்று முறை காசு. இந்தியாவிலும் இதே தட்டுப்பாடு இருந்ததால், இங்கே சில மையங்கள் நீடித்துச் செயல்படும் ஏசிடிஹெச் (அட்ரினலைத் தூண்டும் பிட்யூட்டரி ஹார்மோன்) ஊசியைத் தசையில் போட்டு ஒரு மணி நேரம் கழித்துப் பார்க்கும் முறையைப் பயன்படுத்துகின்றன. அந்த மருந்து கிடைக்கும் இடங்களில் இது ஒரு நியாயமான மாற்று. 1 மைக்ரோகிராம் சினாக்தென் பரிசோதனையை மட்டும் நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒரு குப்பியை 250 மடங்கு நீர்த்துப் போடுவதில் பிழை நேராமல் இருப்பது அதிசயம், மருந்து குழாய்ச் சுவரிலேயே ஒட்டிக்கொள்வதும் உண்டு.

இன்னொரு எச்சரிக்கை: பிட்யூட்டரி பாதிக்கப்பட்ட முதல் நான்கு முதல் ஆறு வாரங்களில் அட்ரினல் இன்னும் சுருங்கியிருக்காது, விடை பொய்யாக நன்றாக வரும். பிரசவம் முடிந்து பத்தாம் நாளில் ஷீஹான் நோயை இந்தப் பரிசோதனையால் மறுக்க முடியாது.

## வழி 3, 4: இன்சுலினும் உமிழ்நீரும்

இன்சுலின் போட்டுச் சர்க்கரையை 40-க்குக் கீழே இறக்கிக் கார்டிசால் ஏறுகிறதா என்று பார்ப்பது பிட்யூட்டரி நோய்க்குப் பழைய தங்கத் தரம். இரவுப் பணியில் ஒரே நர்ஸ் இருக்கும் வார்டில் வேண்டாம். வலிப்பு, இதய நோய் உள்ளவர்களுக்குக் கூடவே கூடாது. மத்திய மருத்துவமனையில், அருகில் நின்று பார்க்க ஒருவர் இருந்தால், புதிய பிட்யூட்டரி நோய்க்கு மட்டும்.

உமிழ்நீர் கேட்க நன்றாக இருக்கிறது. ஊசி வேண்டாம், அறை வெப்பத்தில் பல நாட்கள் கெடாது, கிராமத்திலிருந்து தபாலில்கூட வரலாம், சுமக்கும் புரதத்தின் ஏற்ற இறக்கம் அதைப் பாதிக்காது. ஆனால் அதை அளக்கும் லேப் நாட்டில் ஒன்றிரண்டுதான் இருக்கும், ஈறில் ரத்தம் கசிந்தால் எண் கெட்டுவிடும், வாய்ப்புண்ணும் பூஞ்சையும் உள்ள எச்ஐவி நோயாளியால் பஞ்சை மெல்லவே முடியாது. ஆராய்ச்சிக்கு நல்லது. நாளைக்கு வார்டுக்கும் வரலாம்.

## வழி 5: பரிசோதனைக்குக் காத்திராமல் சிகிச்சை

அதிர்ச்சி நிலையில் இருப்பவருக்கு இது ஒரு தேர்வே இல்லை, கட்டாயம். ஹைட்ரோகார்டிசோன் 100 மில்லிகிராம் நரம்பில், முதல் மணி நேரத்தில் ஒரு லிட்டர் சலைன், பின் 24 மணி நேரத்துக்கு 200 மில்லிகிராம் அல்லது ஆறு மணிக்கு ஒருமுறை 50. ஆஸ்துமாவுக்காக ஹைட்ரோகார்டிசோன் குப்பி பெரும்பாலான வார்டுகளில் இருக்கும். சர்க்கரையைப் பார்த்துக் குளுக்கோஸும் கொடுங்கள்.

இங்கேதான் நான் முதலில் சொன்ன குழாய் வருகிறது. ஊசிக்கு முன்னால் 5 மில்லி ரத்தம் எடுத்து, சீரம் பிரித்து, நேரத்தை எழுதி வைக்க இரண்டு நிமிடம் போதும். லேப் அடுத்த செவ்வாய்க்கிழமைதான் எடுத்துக்கொள்ளும் என்றாலும் பரவாயில்லை. அந்தக் குழாய் இல்லாவிட்டால் ஒரு வாரத்துக்குப் பின் நோயாளி தேறியிருப்பார், ஸ்டீராய்டும் ஓடிக்கொண்டிருக்கும், அவருக்கு அட்ரினல் பற்றாக்குறை இருந்ததா, வெறும் செப்சிஸா என்று யாராலும் சொல்ல முடியாது. பின்னால் உறுதிசெய்ய ஹைட்ரோகார்டிசோனைக் குறைந்தது 18 முதல் 24 மணி நேரம் நிறுத்தியாக வேண்டும், அதற்கே பயந்து பலர் செய்வதில்லை. பின்னால் சினாக்தென் செய்ய வசதியாக ஹைட்ரோகார்டிசோனுக்குப் பதில் டெக்சாமெத்தசோன் போடும் பழைய வழக்கமும் உண்டு. அதற்கு உப்பைப் பிடித்துவைக்கும் குணம் இல்லை. ஹைட்ரோகார்டிசோன் கையில் இருக்கும்போது அந்தச் சுற்றுவழி தேவையில்லை.

மறைமுகச் செலவு ஸ்டீராய்டை நிறுத்தாமல் விடுவதில் இருக்கிறது. உறுதியில்லாத நோய்ப்பட்டத்தோடு ஆயுள் முழுக்க ஸ்டீராய்டு, காசநோய் கிளறப்படும் ஆபத்து, சர்க்கரை நோய், ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் புழு உடல் முழுக்கப் பரவும் ஆபத்து. இந்தப் புழு பரவலாக உள்ள பகுதிகளில் ஐவர்மெக்டின் கொடுத்துவிடுவது வழக்கம். மத்திய ஆப்பிரிக்காவில் லோவா லோவா புழு உள்ள இடங்களில் அதற்கும் முன்யோசனை வேண்டும்.

| வழி | தேவைப்படுவது | பலம் | ஏமாற்றும் இடம் |
|---|---|---|---|
| காலை கார்டிசால் | ஒரு குழாய், சரியான நேரம் | இரு ஓர எண்களிலும் முடிவைத் தரும் | புரதக் குறைவு, ஈஸ்ட்ரோஜன், பிரெட்னிசலோன் |
| சினாக்தென் | குளிர்ச் சேமிப்பு, மூன்று மாதிரிகள் | நடு எண்களைத் தீர்க்கும் | புதிய பிட்யூட்டரி பாதிப்பு, கெட்டுப்போன மருந்து |
| இன்சுலின் | முழுநேரக் கண்காணிப்பு | பிட்யூட்டரி நோய் | வலிப்பு, இதய நோய் உள்ளவருக்கு ஆபத்து |
| உமிழ்நீர் | சிறப்பு லேப் | வெப்பத்தைத் தாங்கும் | வாய்ப்புண், ஈறில் ரத்தம் |
| உடனடி சிகிச்சை | குப்பி, சலைன், முன்னதாக ஒரு குழாய் | உயிர் காக்கும் | பின்னால் உறுதிசெய்வது கடினம் |

## பற்றாக்குறை உறுதி. காரணத்தை எதில் தேடுவது?

ஏசிடிஹெச் உயர்ந்திருந்தால் கோளாறு அட்ரினலில், குறைந்தோ இயல்பாகவோ இருந்தால் மேலே, பிட்யூட்டரி பக்கம். கேட்க எளிது. ஆனால் அந்த மாதிரியைப் பனிக்கட்டியில் வைத்து, குளிரிலேயே சுழற்றி, உறையவைத்து அனுப்ப வேண்டும். வெயிலில் அரை நாள் பயணித்த ஏசிடிஹெச் குறைவாக வந்தால் அதற்கு அர்த்தமே இல்லை. உயர்ந்து வந்தால் மட்டும் நம்பலாம். குளிர்ச் சங்கிலி இல்லாத இடத்தில் நான் இதற்குக் காசு செலவழிக்கச் சொல்ல மாட்டேன். புதிதாகக் கறுத்திருக்கிறாரா, பொட்டாசியம் உயர்ந்திருக்கிறதா, உப்புக்கு ஏங்குகிறாரா என்ற மூன்றுமே அட்ரினலைக் காட்டும். கிரீம், மாத்திரை, பிரசவ ரத்தப்போக்கு என்ற மூன்றும் எதிர்ப்பக்கம் காட்டும்.

அடுத்து, ஆட்டோஇம்யூன் வகையைக் காட்டும் 21-ஹைட்ராக்சிலேஸ் எதிர்ப்புரதமா, சிடி ஸ்கேனா, காசநோய்த் தேடலா? ஐரோப்பிய வழிகாட்டுதல்களில் எதிர்ப்புரதம் முதலில் வரும். உகாண்டாவின் கம்பாலாவிலோ மலாவியின் லிலோங்வேயிலோ இருந்தால் நான் வரிசையைத் திருப்பிவிடுவேன். முதலில் காசநோயைத் தேடும் பரிசோதனைகள்: மார்பு எக்ஸ்ரே, சளியில் ஜீன்எக்ஸ்பர்ட், எச்ஐவி முற்றியிருந்தால் சிறுநீரில் எல்ஏஎம் பட்டை. இவை கையெட்டும் தூரத்தில் கிடைப்பவை, விடை வந்தால் சிகிச்சையும் மாறும். அப்புறம் சிடி. இரண்டு சுரப்பிகளும் வீங்கியிருந்தால் காசநோய், ஹிஸ்டோபிளாஸ்மா, லிம்போமா, பரவிய புற்று. சுருங்கிச் சுண்ணாம்பு படிந்திருந்தால் பழைய காசநோய். சுருங்கிச் சுத்தமாக இருந்தால் ஆட்டோஇம்யூன், அப்போதுதான் எதிர்ப்புரதத்துக்குக் காசு. அல்ட்ராசவுண்டில் பெரிய வீக்கம் மட்டும் தெரியும், தெரியாவிட்டால் இல்லை என்று பொருளில்லை. ஊசி வைத்துச் சதை எடுப்பதற்கு முன், ரத்த அழுத்தத்தை எகிறவைக்கும் அட்ரினல் கட்டியான ஃபியோகுரோமோசைட்டோமா இல்லை என்று உறுதிசெய்யாமல் தொடாதீர்கள்.

## யாருக்கு எது

ரத்த அழுத்தம் 80-இல் நிற்கும், டிபி மருந்தில் இருக்கும் எச்ஐவி நோயாளிக்குக் குழாயில் ரத்தம், உடனே ஹைட்ரோகார்டிசோன், சலைன். எண் வந்ததும் 5-க்குக் கீழே என்றால் சினாக்தென் தேவையில்லை, பயணச் செலவும் மிச்சம். 5 முதல் 15-க்குள் தொங்கினால், தேறியபின் அடுத்த ஆலோசனைக்கு வரும் நாளோடு சேர்த்து சினாக்தெனை வைத்துக்கொள்ளலாம்.

கிரீமை நிறுத்திச் சோர்ந்து வரும் பெண்ணுக்குக் காலை கார்டிசால் மட்டும். சுரப்பி உறங்கிக்கொண்டுதான் இருக்கிறது, அழிந்துவிடவில்லை. குறைந்த அளவு ஹைட்ரோகார்டிசோன், சில மாதங்களுக்கு ஒருமுறை மறுபடி கார்டிசால். அவரைக் கடிந்துகொண்டால் அடுத்தமுறை எந்தக் கிரீம் என்று சொல்லமாட்டார், வரவும் மாட்டார். ரிட்டோனவிரும் ஸ்டீராய்டும் சேர்ந்ததால் வந்தவருக்கும் இதே வழிதான், கூடவே எச்ஐவி மருந்தை மாற்ற முடியுமா என்று பார்க்க வேண்டும். ஷீஹான் சந்தேகத்தில், பிரசவம் முடிந்து மாதங்கள் ஆகியிருந்தால் சினாக்தென் நம்பகமானது. தைராய்டு மாத்திரையை மட்டும் ஹைட்ரோகார்டிசோனுக்கு முன் தொடங்கிவிடக் கூடாது, அது நெருக்கடியைத் தூண்டும்.

காசநோயால் அழிந்த சுரப்பி, டிபி மருந்து முடிந்த பிறகும் மீள்வது அரிது. ஆறு மாத மருந்து முடிந்துவிட்டது என்று ஸ்டீராய்டையும் சேர்த்து நிறுத்திவிட்டுத் திரும்பி வருகிறவர்கள் உண்டு, திரும்பி வராமலே போகிறவர்களும் உண்டு. ரிஃபாம்பிசின் ஓடும் காலத்தில் ஹைட்ரோகார்டிசோன் அளவு வழக்கத்தைவிட இரண்டு மடங்கு வரை தேவைப்படலாம். கிடைப்பது பிரெட்னிசலோன் மட்டும்தான் என்றால் அதற்கும் இதே கணக்கு. ரிஃபாம்பிசின் நின்று ஏறக்குறைய இரண்டு வாரத்தில் அதன் தாக்கம் தணிந்துவிடும், அப்போது கூட்டிய அளவைக் குறைத்துப் பழைய அளவுக்குக் கொண்டுவர வேண்டும். அந்தத் தேதியை டிபி அட்டையிலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.